கை வரவில்லையா, காது வரவில்லையா? பாட்டு மாட்டிக்கொண்டால் பார்க்க வேண்டிய இடங்கள்

ஒரு பாட்டு மாட்டிக்கொண்டால் நாம் எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்: "வரவே மாட்டேங்குது." வண்டி ஓடவில்லை என்று மெக்கானிக்கிடம் போய் நிற்பது மாதிரிதான் இது. பெட்ரோல் தீர்ந்ததா, பிளக் அடைத்ததா, பிரேக் இறுகிக் கிடக்கிறதா என்று அவர்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கருவி பழகுகிறவருக்கு அந்த மெக்கானிக்கும் அவரேதான். கோபத்தில் இருக்கும் ஆள் நல்ல மெக்கானிக்காகவும் இருப்பது கொஞ்சம் கஷ்டம்.

நான் பல வருடங்களாகக் கீபோர்டும் அவ்வப்போது கிட்டாரும் வாசிக்கிறேன். மேடைக் கலைஞன் இல்லை. மாலையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் உட்காருகிறவன். பாதியில் சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்து போன மாலைகள் நிறைய உண்டு. பிறகு யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் நோய் வேறாக இருந்திருக்கிறது, நான் கொடுத்த மருந்து மட்டும் ஒன்றேதான்: முதலிலிருந்து இன்னொரு தடவை. அதனால் கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் படித்துக்கொள்ளலாம். முதல் சோதனையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

## முதலில் 5 நிமிடச் சோதனை

கருவியைக் கீழே வையுங்கள். மாட்டும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தடுக்கும் சுரத்துக்கு இரண்டு தட்டு முன்னால் தொடங்கி ஒரு தட்டு பின்னால் வரை போதும். அதை வாயால் முனகிப் பாருங்கள். குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை, ஏற்ற இறக்கம் சரியாக இருந்தால் சரி. நடுவில் "லலலா" என்று குழைந்துபோனால், விரலைத் திட்டிப் பயனில்லை. பாட்டு இன்னும் காதுக்குள்ளேயே போகவில்லை. யூடியூபில் வேகத்தை 0.5-க்குக் குறைத்தால் சுருதி மாறாமல் பாட்டு மட்டும் மெதுவாகும். அந்த நாலு விநாடியை அப்படியே பத்து தடவை கேளுங்கள், கூடவே முனகுங்கள், அப்புறம் கருவிக்கு வாருங்கள்.

முனகல் சரியாக வந்தால், தொடையில் தாளம் தட்டிக்கொண்டே முனகுங்கள். தட்டு நழுவினால் அது தாளச் சிக்கல். பெரும்பாலும் அந்த வரி தட்டின்மேல் எடுக்காமல் அரைத்தட்டு தள்ளி எடுக்கும்; நாம் தட்டின்மேலேயே எடுத்துப் பழகியிருப்போம்.

இதுவும் சரியா? இப்போது கருவியை எடுத்து, தாளமே இல்லாமல், ஒரு சுரத்துக்கு 3 விநாடி எடுத்துக்கொண்டு வாசியுங்கள். அடுத்தது எது என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தால் அது ஞாபகச் சிக்கல். யோசனையே இல்லை, கை தானாகப் போகிறது, வேகமாக வாசித்தால் மட்டும் சிதறுகிறது என்றால்தான் அது விரல் சிக்கல். "விரல் வரலை" என்று நான் புலம்பியதில் பாதிக்கு மேல் முதல் மூன்றில் ஏதோ ஒன்றாகத்தான் இருந்தது.

## "எல்லாம் சரியாகத்தான் வாசிக்கிறேன், பாட்டோடு மட்டும் ஒட்டவில்லை"

இதில் முதல் சந்தேகம் கருவிமேல் வரட்டும்.

ஒரு முறை இரண்டு மாலைகள் முழுக்க ஒரு பாட்டோடு மல்லுக்கட்டினேன். தனியாக வாசித்தால் நன்றாக இருக்கும். ஒலிப்பதிவோடு சேர்த்து வாசித்தால் பல் கூசும். காது போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். மூன்றாம் நாள் திரையின் ஓரத்தில் ஒரு குட்டி "+1" கண்ணில் பட்டது. துடைக்கும்போதோ என்னவோ டிரான்ஸ்போஸ் பட்டன் அழுந்தியிருக்கிறது. கீபோர்டு முழுக்க அரைச் சுரம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இப்போதெல்லாம் உட்கார்ந்ததும் முதல் வேலை அந்த மூலையைப் பார்ப்பதுதான்.

அடுத்தது சுருதி. ட்யூனர்களும் (சுருதி சரிபார்க்கும் கருவிகள்) கீபோர்டுகளும் பொதுவாக ஏ (A) என்ற சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸைக் கணக்கில் கொண்டே வருகின்றன. பழைய நாடா ஒலிப்பதிவுகள் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டவை அல்ல. நாடா ஓடும் வேகம் 6 சதவீதம் ஏறினாலே சுருதி ஏறக்குறைய அரைச் சுரம் ஏறிவிடும். 3 சதவீதம் ஏறினால் பாட்டு இரண்டு கீக்கு நடுவே அந்தரத்தில் நிற்கும். கீபோர்டில் எந்தக் கீயை அழுத்தினாலும் அது கிடைக்காது. கிட்டாராக இருந்தால் ட்யூனரை ஒதுக்கிவிட்டு, பாட்டைக் கேட்டே கம்பியை முறுக்கிக்கொள்ளுங்கள். கீபோர்டிலும் பெரும்பாலும் நுண்சுருதி மாற்றும் வசதி அமைப்புகளுக்குள் எங்கேயாவது ஒளிந்திருக்கும்.

மூன்றாவது, எனக்குத் தெரிந்து நிறையப் பேரை அலைக்கழிப்பது: புளூடூத். ஹெட்போனோ ஸ்பீக்கரோ, புளூடூத் வழியாக வரும் ஒலி விநாடியில் பத்தில் ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு வரை பிந்தி வருவது சாதாரணம். பாட்டு கேட்க அது பரவாயில்லை. ஆனால் நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், தட்டுக்கு 4 சுரம் என்றால் ஒரு சுரத்துக்குக் கிடைப்பது 0.125 விநாடி. நீங்கள் அழுத்திய சுரம் காதில் விழுவதற்குள் அடுத்த சுரத்துக்கான நேரமே வந்துவிடும். இந்த நிலையில் யாராலும் தாளத்தில் வாசிக்க முடியாது. வயர் உள்ள ஹெட்போனை மாட்டி ஒரு முறை வாசியுங்கள். அதிலேயே சரியானால், இத்தனை நாள் உங்களை நீங்களே திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள்.

## "ஒரே இடத்தில், ஒவ்வொரு தடவையும் விழுகிறேன்"

உண்மையில் இது நல்ல அறிகுறி. நோய் இடம் மாறாமல் ஒரே இடத்தில் இருக்கிறது. நாம் அதைக் கையாளும் விதத்தில்தான் கோளாறு.

ஒரு கணக்கு போடுவோம். பாட்டில் 40-வது விநாடியில் விழுகிறீர்கள். விழுந்ததும் "ச்சே" என்று முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். அரை மணி நேரத்தில் 45 தடவை ஆகும். அதில் சிக்கலான இரண்டு விநாடிக்குக் கிடைத்தது மொத்தம் ஒன்றரை நிமிடம்; அதுவும் 45 தடவையும் தப்பாக. மீதி இருபத்தெட்டரை நிமிடம் ஏற்கெனவே தெரிந்ததையே வாசித்திருக்கிறீர்கள். முகப்பு பளபளக்கும், உள்ளே வீடு இடிந்து கிடக்கும்.

எனவே விழும் இடத்திலிருந்தே தொடங்குங்கள் என்று சொல்லுவார்கள். அது பாதிதான் சரி. ஏனென்றால் விழும் இடமும் தடுக்கும் இடமும் பல நேரம் வேறு வேறு.

என் கையிலிருந்தே ஒரு உதாரணம். ஒரு பாட்டின் இடையிசையில் வலது கைக்கு ஒரு ஓட்டம்: மேல் ச-விலிருந்து நி, த, ப, ம, க, ரி என்று கீழ் ச வரை சறுக்கி வந்து, நிற்காமல் ரி, க, ம என்று திரும்பி ஏற வேண்டும். எல்லாம் வெள்ளைக் கீ. பார்க்கச் சரளி வரிசை மாதிரி இருக்கும், ஆனால் நல்ல வேகம். எனக்குக் கீழ் ச-வில்தான் ஒவ்வொரு முறையும் கை குழறும். அந்தத் திருப்பத்தை மட்டும் (ரி, ச, ரி) நூற்றுக்கணக்கில் வாசித்தேன். தனியாக வாசித்தால் அருமையாக வரும். ஓட்டத்தோடு சேர்த்தால் மறுபடியும் அதே குழறல்.

கடைசியில் போனைப் பக்கத்தில் நிறுத்தி விரல்களை மட்டும் வீடியோ எடுத்துப் பார்த்தேன். மேல் ச-வை நான் நாலாம் விரலால், அதாவது மோதிர விரலால் தொடங்கியிருக்கிறேன். ச-வுக்கு 4, நி-க்கு 3, த-வுக்கு 2, ப-வுக்குக் கட்டைவிரல். அங்கே நடுவிரல் தாண்டி வந்து ம-வுக்கு 3, க-வுக்கு 2, ரி-க்குக் கட்டைவிரல். இப்போது கீழ் ச-வுக்கு? விரலே மிச்சம் இல்லை. அந்த அவசரத்தில் ஒவ்வொரு தடவையும் கை ஏதோ ஒரு விரலைக் கடன் வாங்கி அழுத்தியிருக்கிறது. சுண்டுவிரலில் தொடங்கினால் 5, 4, 3, 2, 1 என்று ம வரை வந்து, க-வில் நடுவிரல் தாண்டி, 3, 2, 1 என்று கீழ் ச-வில் கட்டைவிரல் அழகாக வந்து நிற்கிறது. மேலே ஏற அடுத்த மூன்று விரலும் தயாராகக் காத்திருக்கின்றன. தவறு நடந்தது முதல் சுரத்தில், வெளியே தெரிந்தது எட்டாவது சுரத்தில்.

ஆகவே, விழும் இடத்திலிருந்து ஒவ்வொரு சுரமாகப் பின்னால் போங்கள். ஒவ்வொன்றிலும் எந்த விரல், மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்கிறது, கிட்டார் என்றால் பிக் மேலே போகிறதா கீழே வருகிறதா, குழல் என்றால் மூச்சு எங்கே எடுத்தீர்கள் என்று பாருங்கள். ஒரே வரியைப் பத்து தடவை வாசித்து, பத்திலும் ஒரே விரல்தான் விழுகிறதா என்பதையும் கவனியுங்கள். இல்லையென்றால் நீங்கள் பழகுவது ஒரு பாட்டை அல்ல, பத்துப் பாட்டை.

2009-ல் வெளியான ஒரு ஆய்வில், ராபர்ட் டியூக்கும் அவருடைய சகாக்களும் பியானோ மாணவர்கள் 17 பேருக்கு ஒரு கடினமான சிறு பகுதியைக் கொடுத்துப் பழகச் சொல்லி, மறுநாள் வாசிக்க வைத்துத் தரம் பிரித்தார்கள். எவ்வளவு நேரம் பழகினார்கள், எத்தனை தடவை வாசித்தார்கள் என்பதற்கும் மறுநாள் வாசிப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. முன்னால் வந்தவர்களும் தப்பு செய்யாமல் இல்லை. ஆனால் தப்பு வந்ததும் அது எங்கே என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, சரியானதும்தான் நகர்ந்திருக்கிறார்கள்.

தனியாக வருகிறது, சேர்த்தால் வரவில்லை என்றால் ஒட்டு போடும் வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அப்போது பின்னாலிருந்து கட்டுங்கள். வரியின் கடைசி மூன்று சுரம். அப்புறம் கடைசி நான்கு. அப்புறம் ஐந்து. ஒவ்வொரு முறையும் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குப் போவீர்கள். முன்னாலிருந்து கட்டினால் தெரிந்ததை விட்டுத் தெரியாததை நோக்கிப் போக வேண்டும். கை அங்கே பயந்து இறுகும்.

## "மெதுவாக வருகிறது, வேகம் கூட்டினால் சிதறுகிறது"

"மெதுவாகப் பழகு, வேகம் தானாக வரும்" என்பது பாதி உண்மை. தானாக எல்லாம் வராது. நிமிடத்துக்கு 60 தட்டில், தட்டுக்கு 4 சுரம் வாசிக்கும்போது ஒரு சுரத்துக்குக் கால் விநாடி இருக்கிறது. அந்த நேரத்தில் விரலை இரண்டு அங்குலம் தூக்கி, ஊரைச் சுற்றி வந்து அழுத்தினாலும் சரியாகவே கேட்கும். 120-ல் நேரம் பாதியாகிவிடும். ஊரைச் சுற்றும் விரல் அங்கே மாட்டிக்கொள்ளும். மெதுவாக வாசிக்கும்போதே விரல் எவ்வளவு தூக்குகிறது என்று பாருங்கள், முக்கியமாக வேலையில்லாமல் சும்மா இருக்கும் விரல்களை. கிட்டாரில் என் சுண்டுவிரல் யாரையோ கூப்பிடுவது போல நீட்டிக்கொண்டு நிற்கும். அது திரும்பி வந்து சேரும் நேரம்தான் என் வேகத்தின் எல்லை. வேகம் குறைவாக, அசைவு சிறிதாக, அழுத்தம் லேசாக வாசித்தால்தான் அந்த மெதுவான பயிற்சி வேகத்துக்கு உதவும்.

அடுத்தது சிறு பாய்ச்சல். முழு வரியையும் முழு வேகத்தில் வாசிக்க முடியாது, சரி. நான்கு சுரத்தை முடியும். தட்டில் தொடங்கி நான்கு சுரம் முழு வேகத்தில், அடுத்த தட்டில் ஐந்தாவது சுரத்தில் நின்றுவிடுங்கள். கையைத் தளர்த்துங்கள். அங்கிருந்து மறுபடி நான்கு. முழு வேகத்தில் கை எப்படி அசைய வேண்டும் என்பது அசைத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த முறையில் அதை ஒரு வாய் அளவுக்குத் தெரிந்துகொள்கிறீர்கள். நான்கு நிதானமானதும் எட்டு.

கர்நாடக இசை பழகியவர்களுக்கு இது புதிதில்லை. சரளி வரிசையை மூன்று காலத்தில் வாசிக்கும்போது தாளம் மாறாது. தட்டுக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று சுரம்தான் கூடும். மனம் பிடித்துக்கொண்டிருப்பது தாளத்தை என்பதால் பதற்றம் குறைவு. தாளத்தட்டை ஒரே வேகத்தில் ஒலிக்கும் மெட்ரோனோமை 60, 64, 68 என்று ஏற்றி அலுத்துப்போனவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்: தட்டை 60-லேயே விட்டுவிட்டு சுரத்தை மட்டும் இரட்டியுங்கள். மெட்ரோனோம்மேல் கோபம் வராத ஆளே கிடையாது என்று நினைக்கிறேன். அதைக் கண்டுபிடித்த வின்கலுக்கே அதனால் நிம்மதி இருந்திருக்காது. அவர் 1814-ல் உருவாக்கியதற்கு மறு வருடம் காப்புரிமை வாங்கிக்கொண்டவர் மெல்ட்ஸல்.

வேகம் ஒரு எண்ணில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால், சந்தத்தை மாற்றி வாசியுங்கள். சமமான சுரங்களை நெடில்-குறில், நெடில்-குறில் என்று ஒரு முறை, குறில்-நெடில் என்று ஒரு முறை. எந்த இரண்டு சுரத்துக்கு நடுவே உண்மையான இறுக்கம் என்று அதில் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு வேகம் கூட்டும் எந்த உத்தியும் இதைவிட நன்றாக வேலை செய்ததில்லை.

## "தனித்தனியாக இரண்டு கையும் வருகிறது, சேர்த்தால் போச்சு"

சேர்க்கும்போது வேகம் பாதியாகக் குறைவது இயல்பு. தனித்தனியாக 100-ல் வருகிறது என்பதற்காகச் சேர்த்தும் 100-ல் தொடங்கினால் எரிச்சல்தான் மிஞ்சும். 50-ல் தொடங்குங்கள். வலது கை முழுதாக வாசிக்கட்டும். இடது கை ஒவ்வொரு தட்டின் முதல் சுரத்தை மட்டும் போடட்டும். அது ஒட்டியதும் மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

ஒரு கைக்கு மூன்று, இன்னொரு கைக்கு இரண்டு என்று வரும் இடம்தான் பலருக்குச் சுவர். அதை எண்ணிக்கையாகப் பார்க்காமல் ஒரே சொல்லாகப் பாருங்கள். ஆறு மாத்திரையில் வலது கை 1, 3, 5-லும் இடது கை 1, 4-லும் விழுகிறது. வரிசையாக அடுக்கினால்: இரண்டும் சேர்ந்து, வலது, இடது, வலது. இதன் சொற்கட்டு "தாம்-த-கி-தாம்". தாம்-க்கு இரண்டு மாத்திரை, த-வுக்கும் கி-க்கும் ஒவ்வொன்று, கடைசித் தாம்-க்கு இரண்டு. முதல் தாம் இரண்டு கையும், த வலது, கி இடது, கடைசித் தாம் வலது. மேசையில் தட்டிக்கொண்டே ஒரு நிமிடம் சொல்லுங்கள். வாய் சொல்வதைக் கை கேட்கும். கீபோர்டுக்கு வந்த பிறகும் வாயால் சொல்லிக்கொண்டே வாசியுங்கள்.

## "பார் கார்ட் பிடித்தால் டொக் டொக் என்கிறது"

பார் கார்ட் என்றால் ஆள்காட்டி விரலைக் கம்பிகளின் குறுக்கே கிடத்திப் பிடிக்கும் கார்ட். கிட்டார் பழகுகிறவர்கள் பாதிப் பேர் விட்டுவிட்டு ஓடும் இடம் முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) வரும் எஃப் கார்ட். அதே வடிவத்தை ஐந்தாம் ஃப்ரெட்டில் பிடித்துப் பாருங்கள். அங்கே தெளிவாகக் கேட்கிறது, முதல் ஃப்ரெட்டில் மட்டும் இல்லை என்றால் விரல் பலம் மட்டுமே காரணமாக இருக்காது. கிட்டாரின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டில் பள்ளம் போதாமல் கம்பி உயரமாக நிற்கிறதோ என்னவோ. கேப்போவை, அதாவது எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்பை, முதல் ஃப்ரெட்டில் மாட்டி அதற்கு அடுத்த ஃப்ரெட்டில் அதே வடிவத்தைப் பிடியுங்கள். சட்டென்று சுலபமானால் நட்தான் குற்றவாளி. கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் சிறு வேலை. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்குக் கீழே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தாலும் கம்பியைத் தாழ்த்தச் சொல்லலாம்.

கருவி சரியென்றால் ஒரே ஒரு விஷயம். அந்த எஃப் வடிவத்தில் ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் அழுத்த வேண்டியதில்லை. நடுவில் உள்ள மூன்று கம்பிகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆள்காட்டி விரலுக்கு வேலை ஆறாவது, இரண்டாவது, முதலாவது கம்பிகளில் மட்டும். விரலைக் கொஞ்சம் கட்டைவிரல் பக்கமாக உருட்டி, எலும்புப் பக்கம் படும்படி வையுங்கள்.

## "நேற்று வந்தது, இன்று வரவில்லை"

நேற்று இரவு இருபது தடவை தொடர்ந்து வாசித்தபோது வந்தது. இன்று கருவியை எடுத்ததும் முதல் தடவை வரவில்லை. மனம் உடைகிறது. ஆனால் நேற்றைய இருபதாவது தடவையை இன்றைய முதல் தடவையோடு ஒப்பிடக் கூடாது. நேற்றைய முதல் தடவையோடு ஒப்பிடுங்கள். அந்த எண்ணைத்தான் நான் ஒரு நோட்டில் குறிக்கிறேன்: நாளின் முதல் முயற்சியில் பிழையில்லாமல் வந்த வேகம். தினமும் ஏறாது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் ஏறியிருக்கும்.

ஒன்றையே தொடர்ந்து திருப்பித் திருப்பிச் செய்தால் அந்த நேரத்துக்கு நன்றாக வரும், பிறகு கையில் தங்குவது குறைவு. ஷீ, மார்கன் என்ற இருவர் 1979-ல் கை அசைவுகளை வைத்துச் செய்த பரிசோதனை இதைக் காட்டியது. மூன்று அசைவுகளை ஒன்று முடித்து ஒன்று என்று பழகியவர்கள் பயிற்சியின்போது முன்னால் நின்றார்கள். கலந்து கலந்து பழகியவர்கள் பிறகு வைத்த சோதனையில் முந்தினார்கள். எனவே சிக்கலான இடங்கள் மூன்று இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம் கொடுத்து மூன்று சுற்று போங்கள். ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப வரும்போது கொஞ்சம் மறந்த மாதிரி இருக்கும். அந்தச் சங்கடம் இருந்தால்தான் வேலை நடக்கிறது.

அப்புறம் தூக்கம். 2002-ல் மாத்யூ வாக்கரும் சகாக்களும் ஒரு விரல் வரிசையைத் தட்டப் பழக்கி, ஓர் இரவு தூங்கவிட்டு மறுபடி சோதித்ததில், கூடுதல் பயிற்சியே இல்லாமல் வேகம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. நள்ளிரவு தாண்டியும் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கிறவர்கள் கருவியை வைத்துவிட்டுப் படுக்கப் போகலாம்.

## "தனியாக வருகிறது, யாராவது பார்த்தால் போச்சு"

விரல் தானாகப் போகும்வரை சுகம். பதற்றத்தில் மனம் நடுவே புகுந்து "அடுத்தது என்ன?" என்று கேட்கும், பதில் இருக்காது. பாட்டை ஏழெட்டு நிறுத்தங்களாகப் பிரித்து, எந்த நிறுத்தத்திலிருந்தும் யோசிக்காமல் தொடங்கப் பழகுங்கள். சீட்டில் எண் எழுதிக் குலுக்கி, வந்த எண்ணிலிருந்து வாசியுங்கள். தடுமாறினால் பின்னால் போகாமல் அடுத்த நிறுத்தத்துக்குத் தாவ வேண்டும். இந்தத் தாவலையும் தனியாகப் பழக வேண்டும். பிறகு போனில் ரெக்கார்டை அழுத்திவிட்டு, ஒரே முயற்சி என்று வைத்துக்கொண்டு வாசியுங்கள். அந்தச் சிவப்புப் புள்ளிக்கே எனக்குக் கை வியர்க்கும். பத்து நாள் வியர்த்த பிறகு மனிதர்கள் அவ்வளவு பயமாக இல்லை.

## "கை வலிக்கிறது"

நிறுத்துங்கள். உழைத்த தசையின் சோர்வு வேறு, கம்பி அழுத்திய விரல் நுனி எரிச்சல் வேறு. அவை ஓய்வில் போய்விடும். மணிக்கட்டிலோ முன்கையிலோ குத்தும் வலி, மரத்துப்போதல், விரல் சொன்ன பேச்சைக் கேட்காமல் சுருளுதல் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். "இன்னும் பத்து நிமிடம்" கூடாது. இசையமைப்பாளர் ஷூமான் இளமையில் விரல்களைப் பழக்க ஓர் இயந்திரக் கருவியைப் பயன்படுத்தினார். 1830-களின் தொடக்கத்தில் வலது கை பாதிக்கப்பட்டு, பியானோ கலைஞராகும் ஆசையையே விட வேண்டியதாயிற்று. அந்தக் கருவிதான் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நான் என்றால் அந்தக் கருவியைத் தொட மாட்டேன்.

## "கருவியைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது"

அன்றைய எரிச்சலுக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒரே இடத்தில் தொடர்ந்து மூன்று தடவை தப்பினால், நான்காவது முறையை அதே மாதிரி வாசிக்கக் கூடாது. வேகத்தையோ, அளவையோ, விரலையோ, ஏதாவது ஒன்றை மாற்றியாக வேண்டும். மாற்ற எதுவும் தோன்றவில்லை என்றால் அந்த இடத்துக்கு அன்று விடுமுறை. எழுந்து போகும் முன் நன்றாக வரும் ஏதாவது ஒன்றை, சின்னப் பாட்டாக இருந்தாலும், ஒரு முறை வாசித்துவிட்டு எழுந்திருக்கிறேன்.

எரிச்சல் நாள்கணக்கில் நீண்டால் கேள்வி வேறு: இந்தப் பாட்டு இப்போது எனக்கு ஏற்றதா? நான் வைத்திருக்கும் அளவுகோல் முரட்டுத்தனமானது. மூன்று வாரம் ஒழுங்காகப் பழகியும் பாதி வேகத்தில்கூடப் பிழையில்லாமல் வரவில்லை என்றால் பாட்டை அலமாரியில் வைத்துவிடுவேன். எடுத்து வைக்கும்போது தேதி போட்டு, எந்த இடம் வரவில்லை, எந்த விரல் போட்டேன் என்று இரண்டு வரி எழுதிவிடுவேன். அப்படி வைத்த ஒரு பாட்டை நாலு மாதம் கழித்து எடுத்தபோது ஒரு வாரத்தில் முடிந்தது. இன்னொன்று இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

அலமாரிக்கு அனுப்ப மனம் வரவில்லையா? எளிமையாக்குங்கள். ஓட்டத்தில் எட்டு சுரம் இருந்தால் தட்டில் விழும் நான்கை மட்டும் வாசியுங்கள். கேட்பவருக்குப் பாட்டு அடையாளம் தெரியும். ஆறு கம்பிக் கார்டை மூன்று கம்பியில் பிடியுங்கள். சுருதியை மாற்றினால் விரல் சுலபமாகுமா என்று பாருங்கள். எழுதியிருக்கும் விரல் எண் உங்கள் கைக்குப் பொருந்தவில்லை என்றால் மாற்றிக்கொள்ளுங்கள், அது சட்டம் இல்லை. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் 1928-ல் தீ விபத்தில் சிக்கி இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் சரியாக இயங்காமல் போன பிறகு, தனி வாசிப்பைப் பெரும்பாலும் மிச்சமிருந்த இரண்டு விரல்களாலேயே அமைத்துக்கொண்டார். யாரும் எழுதிக் கொடுத்த விரல்முறை அல்ல அது.

நான்கு சுரமாகக் குறைத்து வாசிக்கும் அந்த எளிய வடிவத்தை முழு வேகத்தில், ஒலிப்பதிவோடு சேர்த்து, தொடக்கம் முதல் முடிவு வரை நிற்காமல் ஓட்டுங்கள். அப்புறம் வாரத்துக்கு ஒரு தட்டு வீதம் விட்டுப்போன சுரங்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டே வரலாம். சேர்த்த இடத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பேனா வேண்டாம், சில வட்டங்களை அழிக்க வேண்டியிருக்கும்.